ஐந்து மேசையிலும் நானே

பெண் பார்ப்பதென்றால் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். என்னைப் பொலிஸ் நிலையத்தில் வைத்துப் பார்த்தார்கள். மற்றப் பெண்கள் தேத்தண்ணித் தட்டோடு குனிந்த தலை நிமிராமல் நிற்பார்கள். நான் கன்னம் உப்ப ஒரு பலூனை ஊதிக்கொண்டு நின்றேன். (பிறந்தநாள் பலூன் இல்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்களை மறித்து ஊதச் சொல்வோமே, அந்தப் பலூன்.) கழுத்தில் சங்கிலி இல்லை, அட்டை இருந்தது. ரத்தம் குடிக்கிற அட்டைதான். இன்றைக்குச் சிரித்துக்கொண்டு எழுதுகிறேன், அன்றைக்கு நிலையத்தின் பின்பக்கம் மழைத் தண்ணீர் ஓடுகிற கானுக்குள்ளேயே விழுந்து செத்துவிடலாம் போல இருந்தது.

நான் நிவித்திகல பக்கத்து றப்பர் தோட்டத்துக்காரி. அப்பா பால் வெட்டுகிறவர். தமிழ் தெரிந்த பெண்களைப் பொலிசில் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டேன், கிடைத்துவிட்டது. பயிற்சி முடிந்து முதல் லீவில் காக்கி உடுப்போடு வந்தபோது எங்கள் லயத்து வீட்டு வரிசையில் எல்லாக் காம்பராக் கதவும் திறந்தது. அன்றைக்குப் பீலிக்குத் தண்ணீர் எடுக்க மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் தொப்பியோடு போனேன். வீட்டில் அவ்வளவு தண்ணீர் தேவைப்படவில்லை என்று அம்மா இன்றும் சொல்வார்.

அந்தத் தலைக்கனத்துக்கு உரிய பலன் கல்யாணப் பேச்சு தொடங்கியதும் கிடைத்தது. முதலில் வந்த இடத்துக்காரர்கள் என் உத்தியோகத்தைக் கேட்டதும், "பொலிஸ்காரப் புள்ள வீட்டுக்கு வந்தா எங்க பையன் கையக் கட்டிக்கிட்டு நிக்கணுமே" என்று சொல்லி எழுந்துவிட்டார்கள். இரண்டாவதாக வந்தவர்கள் தேத்தண்ணியைக்கூடக் குடித்து முடிக்கவில்லை. அம்மா தொலைபேசியில் முடிவைச் சொல்லிவிட்டார்.

"இந்தா பாரு, அடுத்த எடமும் தட்டிப் போச்சுன்னா அந்தக் காக்கியக் கழட்டி வச்சிட்டு கார்மென்ட்சுக்குப் போயிரு. ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லி எனக்கு வாய் வலிக்குது."

"காக்கியில என்னம்மா குத்தம்?"

"காக்கியில ஒரு குத்தமும் இல்ல. அதப் போட்டதுக்குப் பொறகு ஒனக்கு வந்த வாய்லதான் குத்தம்."

மூன்றாவதாக வந்தது எஹலியகொட பக்கத்து இடம். மாப்பிள்ளை தோட்டப் பாடசாலையில் கணித வாத்தியார். அப்பா இல்லை, அம்மாவும் ஒரே மகனும்தான். ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தார்கள். காது இரண்டும் கொஞ்சம் விலகி, யாரோ கூப்பிட்டதைக் கேட்டவர் மாதிரி இருந்தார். எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. யாரிடமும் சொல்லாமல் அந்தப் படத்தை என் பொலிஸ் தொப்பியின் உட்பட்டிக்குள் செருகி வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள் என்று பேச்சு. ஆகவே எனக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு வேண்டும். லீவு கொடுக்கிற கை எங்கள் ஓ.ஐ.சி.யின் கை. இந்த இடத்தில் எங்கள் பொலிஸ் நிலையம் எப்படி ஓடியது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

(ஊர்ப் பெயர் வேண்டாம். தெரணியகலைப் பக்கத்துச் சின்ன நகரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

தோட்டத்துப் பிள்ளைக்கு எந்த இலாகாவும் தோட்டமாகத்தான் தெரியும். ஓ.ஐ.சி. என்கிற பொறுப்பதிகாரி எங்கள் பெரிய துரை. சப் இன்ஸ்பெக்டர்கள் சின்னத் துரைமார். சார்ஜன்ட்மார் கணக்கப்பிள்ளைகள், எல்லாம் தெரிந்தவர்கள், எதையும் சொல்லாதவர்கள். எங்களைப் போன்ற கான்ஸ்டபிள்கள் பால் வாளி சுமக்கிற ஆட்கள். காலையில் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு யார் யார் எங்கே என்று பிரித்துவிடுவார்கள். தோட்டத்தில் அதற்குப் பெரட்டு என்று பெயர், இங்கே பரேட். தோட்டத்தில் யாரும் சல்யூட் அடிப்பதில்லை, மற்றபடி வித்தியாசம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

கணக்கில் எங்கள் நிலையத்தில் ஆள் நிறைய. கண்ணில் படுகிறவர்கள் குறைவு. சிலர் நீதிமன்றத்தில் நிற்பார்கள், சிலர் பெரிய மனிதர் ஒருவருடைய கேற்றைக் காப்பார்கள், சிலர் பெரஹரா ஊர்வலத்துக்குப் பாதுகாப்பு என்று போவார்கள், ஊர்வலம் முடிந்தாலும் திரும்ப மாட்டார்கள். போவதற்கு ஒரு காரணம் கிடைக்காதவர்கள்தான் மிச்சமிருந்து நிலையத்தை நடத்தினோம். ஜீப் ஒன்று உண்டு. ஜீப் நல்லபடி இருக்கிற நாளில் டிரைவர் லீவு, டிரைவர் வந்த நாளில் ஜீப் லீவு.

கட்டடம் எங்கள் லயத்தைப் போலவே இருக்கும். நீளமான முன் விறாந்தை, வரிசையாக ஐந்து அறை, ஒவ்வொன்றுக்கும் முன் கதவு ஒன்று, பின் கதவு ஒன்று. முதல் அறை ரிசேவ், அதாவது வருகிறவர் எல்லோரும் முதலில் வந்து நிற்கிற மேசை. இரண்டாவது சிறு முறைப்பாட்டுப் பிரிவு. வேலித் தகராறு, கோழித் தகராறு, தண்ணீர்க் குழாய்த் தகராறு எல்லாம் அங்கே. மூன்றாவது சிறுவர் மகளிர் பிரிவு. நான்காவது போக்குவரத்து. ஐந்தாவது குற்றப் பிரிவு. புருஷன் பெண்டாட்டியைத் திட்டினால் இரண்டாவது அறை, அடித்தால் மூன்றாவது, வாகனத்தால் இடித்தால் நான்காவது, கத்தியை எடுத்தால் ஐந்தாவது என்று புதிதாக வருகிறவர்களுக்கு நான் விளக்குவதுண்டு.

இந்த ஐந்து அறைக்கும் சேர்த்துத் தமிழ் தெரிந்த ஆள் நான் ஒருத்தி. எந்த அறையில் தமிழ்க் குரல் கேட்டாலும் "செல்வீ!" என்று ஒரு சத்தம் வரும். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். (என் முழுப் பெயர் சிவலிங்கம் செல்வராணி. இந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள், பின்னால் கொத்திப் போடப் போகிறார்கள்.) உண்மையில் எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. முக்கால்வாசிப் பேர் என்னைக் காத்திராமல் சிங்களத்திலேயே சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

என்னை விட்டால் தமிழ் தெரிந்தவர் என்று பெயர் வாங்கியவர் பந்துல சார்ஜன்ட். நல்ல மனிதர். ஆனால் அவருடைய தமிழ் முழுவதும் ஞாயிற்றுச் சந்தையில் மரக்கறி வாங்கிக் கற்றது. "என்ன வெல? கொறைங்க!" அவ்வளவுதான். ஒரு தடவை நான் இல்லாதபோது ஒரு கிழவர் வந்து தன் சைக்கிள் களவு போய்விட்டது என்று அழுதிருக்கிறார். சார்ஜன்ட் மிகுந்த அனுதாபத்தோடு அவருடைய தோளைத் தொட்டு, "என்ன வெல?" என்று கேட்டிருக்கிறார். கிழவர் சொன்னதும், "கொறைங்க" என்றாராம்.

அந்த வாரம்தான் ஏ.எஸ்.பி. பரிசோதனைக்கு வருகிறார் என்று செய்தி வந்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர். எங்கள் பெரிய துரைக்கும் மேலே இருக்கிற துரை. ஒவ்வொரு பிரிவிலும் தமிழில் சேவை கிடைக்கிறதா என்று பார்க்கப் போகிறாராம். ஒவ்வொரு பிரிவிலும் கிடைக்கிறது என்று எங்கள் ஓ.ஐ.சி. முன்பே மேலிடத்துக்குச் சொல்லி வைத்துவிட்டார். என்னைக் கூப்பிட்டார். (பேச்செல்லாம் சிங்களத்தில். உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.)

"செல்வி, ஞாயிறு லீவு கேட்டாய் அல்லவா?"

"ஆமாம் சேர்."

"தந்தேன் என்று வைத்துக்கொள். ஆனால் வெள்ளிக்கிழமை நீ ஐந்து பேராக இருக்க வேண்டும்."

திட்டம் சுலபமானது என்றார். ஏ.எஸ்.பி. முன் விறாந்தையில் அறை அறையாக நடப்பார். அவர் ஓர் அறையை விட்டு வெளியே வந்ததும் ஓ.ஐ.சி. அவரை நிறுத்திப் பூச்சட்டிகளைக் காட்டுவார். அதற்குள் நான் பின் கதவால் பாய்ந்து, கானோரமாக ஓடி, அடுத்த அறைக்குள் புகுந்து, வேறு ஆளாக உட்கார வேண்டும். ரிசேவ் மேசையில் தொப்பியோடு. சிறு முறைப்பாட்டில் தொப்பி இல்லாமல், பந்துல சார்ஜன்டின் மூக்குக் கண்ணாடியோடு. மகளிர் பிரிவில், பிரசவ லீவில் போன சமிலா விட்டுப்போன சேலையைக் காக்கிக்கு மேல் சுற்றிக்கொண்டு. போக்குவரத்தில் சேலையை உருவிவிட்டு, முழங்கை வரை ஏறுகிற வெள்ளை உறை மாட்டிக்கொண்டு. குற்றப் பிரிவில் சிவில் உடை வழக்கம் என்பதால் மறுபடியும் அதே சேலை.

"பொய் ஆகாதா சேர்?" என்றேன்.

ஓ.ஐ.சி.க்குக் கோபம் வந்துவிட்டது. "நான் பொய் சொல்கிறவனா? எல்லாம் உன் சொந்தப் பெயர்தான்" என்று பெயர்ப் பலகைகளைக் காட்டினார். முதல் மேசையில் செல்வி. இரண்டாவதில் ராணி. மூன்றாவதில் செல்வராணி. நான்காவதில் லிங்கம். ஐந்தாவதில் சிவலிங்கம். குற்றப் பிரிவில் சேலை கட்டிக்கொண்டு நான் என் அப்பாவாக உட்கார வேண்டும். இதைக் கேட்டு எழுந்து ஓடாமல், லீவு கிடைத்துவிட்டது என்று துள்ளிக்கொண்டு வந்தவள் நான். அந்த வயதில் எனக்கிருந்த மூளை அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து மழை. எங்கள் பக்கத்தில் மழை என்றால் பால் வெட்டு நிற்கும், பஸ் நிற்கும், மழை மட்டும் நிற்காது. ஏ.எஸ்.பி. வருவதற்கு முன் ஒரு குடை வந்தது. குடைக்குக் கீழே ஓர் அம்மா. ஐம்பது ஐம்பத்தைந்து வயதிருக்கும், நல்ல சேலை, இடுப்பில் வெற்றிலைப் பை. வாங்கில் உட்கார்ந்து மேலும் கீழும் என்னைப் பார்த்தார். முகம், கை, கால், மறுபடி முகம். களவு கொடுத்தவர்கள் இப்படிப் பார்ப்பதில்லை.

நான்தான் அப்போது அறியவில்லை, நீங்களாவது அறிந்துகொள்ளுங்கள். அவர்தான் மாப்பிள்ளையின் அம்மா. பொலிஸ்காரப் பெண் எப்படிப்பட்டவள், ஆட்களிடம் எப்படிப் பேசுகிறாள், கை நீளுமா, நாக்கு நீளுமா என்று ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே நேரில் பார்த்துவிட வேண்டும் என்று, மகனுக்கும் சொல்லாமல் பஸ் ஏறி வந்திருக்கிறார். சும்மா வந்து உட்கார முடியாதே என்று வழியில் ஒரு முறைப்பாட்டையும் தயார் செய்திருக்கிறார்.

"என்னங்கம்மா பிரச்சினை?" என்றேன், தொப்பியைக் கழற்றி மழைத் தண்ணீரைத் துடைத்தபடி.

அவர் என் தொப்பிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆடு காணாமப் போச்சு" என்றார் மெதுவாக.

"என்ன நெறம்?"

"செவலைங்க. காது ஒன்னு கிழிஞ்சிருக்கும்."

அந்த நேரத்தில் ஜீப் வந்து நின்றது. ஏ.எஸ்.பி. இறங்கினார், ஓ.ஐ.சி. குடை பிடித்தார், எல்லோரும் சல்யூட் அடித்தோம். ஏ.எஸ்.பி. மெலிந்த, அமைதியான மனிதர். நேரே வாங்குக்கு வந்து அந்த அம்மாவை விசாரித்தார். அம்மா பச்சைத் தண்ணீர் மாதிரிச் சிங்களத்தில் ஆட்டுக் கதையைச் சொல்லத் தொடங்கினார். ஓ.ஐ.சி.யின் முகம் மலர்ந்தது. சிங்களத்திலேயே முடிந்துவிடும் போலிருக்கிறதே! எனக்கும் உயிர் வந்தது.

ஏ.எஸ்.பி. கையைக் காட்டி நிறுத்தினார். "அம்மா, நீங்கள் உங்கள் மொழியில் சொல்ல வேண்டும். அது உங்கள் உரிமை."

"எனக்குச் சிங்களமே வசதிங்க சேர்."

"இல்லை இல்லை. தமிழில்தான். ஒவ்வொரு பிரிவிலும் சொல்லுங்கள். நானும் கூடவே வருகிறேன்."

உரிமையைக் கட்டாயமாகக் கொடுத்தார்கள். அம்மாவுக்கு வேறு வழியில்லை, எழுந்தார். ஓ.ஐ.சி. பூச்சட்டிப் பக்கம் ஏ.எஸ்.பி.யைத் திருப்பினார். நான் பின் கதவால் பாய்ந்தேன்.

பின்பக்கம் முழங்கால் உயரத்துக்குப் புல். மழை பெய்தால் அந்தப் புல்லில் ஒவ்வொரு நுனியிலும் ஓர் அட்டை எழுந்து நின்று ஆள் தேடும். எனக்கு அதைப் பார்க்க நேரமில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டாவது அறையில் உட்கார்ந்ததும் உலகம் முழுவதும் தண்ணீருக்குள் தெரிந்தது. (பந்துல சார்ஜன்டுக்கு அவ்வளவு பார்வைக் குறைவு என்று அன்றைக்குத்தான் தெரியும். அவரை நம்பி ஊர் தூங்கியிருக்கிறது.)

"இவர் ராணி" என்றார் ஓ.ஐ.சி.

தண்ணீருக்குள் அந்த அம்மாவின் உருவம் அசைந்தது.

"ஆடு காணாமப் போச்சுங்க" என்றார். "கறுப்பு ஆடு."

செவலை என்றல்லவா சொன்னார்! நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் செவலை என்று கேட்டவள் செல்வி. நான் ராணி. விழுங்கிக்கொண்டு கறுப்பு என்று எழுதினேன். ஏ.எஸ்.பி. என் கழுத்துப் பக்கம் ஒரு கணம் உற்றுப் பார்த்த மாதிரி இருந்தது. கண்ணாடியின் கோளாறு என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது அறையில் சேலையைச் சுற்றினேனே தவிரக் கட்டவில்லை. கொசுவம் என்று ஒன்று வைக்க நேரமில்லாமல் அதைச் சுருட்டி இடுப்பில் அடைத்தேன். கீழே பொலிஸ் சப்பாத்து. மேசைக்குக் கீழே காலை மடக்கி வைத்துக்கொண்டேன். இந்த அறையில் ஆட்டுக்கு வேலையில்லை என்பதால் ஏ.எஸ்.பி. வேறு கேட்டார். "அம்மா, வீட்டில் உங்களுக்கு ஏதாவது தொந்தரவு உண்டா? இவரிடம் தாராளமாகச் சொல்லலாம்."

"இப்ப ஒன்னும் இல்லைங்க. ஒரே மகன், சாது. இனி மருமக வந்தாத்தான் தெரியும்" என்ற அம்மா, என் பக்கம் குனிந்தார். "நீங்க சொல்லுங்கம்மா. மருமக கொடும பண்ணினா இங்க வந்து சொல்லலாமா?"

"தாராளமா சொல்லலாம்மா."

"மருமக பொலிசா இருந்தா?"

இங்கேதான் எனக்கு வீரம் வந்தது. ஏ.எஸ்.பி. வேறு பார்க்கிறார். மேசையில் ஒரு தட்டுத் தட்டினேன். "பொலிசா இருந்தா விடுவோமா? ரெண்டு மடங்கு நடவடிக்க எடுப்போம். என் கையால நானே உள்ள போடுவேன்!"

"சந்தோசம்மா" என்றார் அந்த அம்மா. எழும்போது வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். பாவம், மனதில் என்ன கஷ்டமோ என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இடையில்தான் என் விதி பீப்பாய் வடிவில் இருந்தது. முந்தின வாரம் றப்பர்க் காட்டுக்குள் பிடித்த கள்ளச் சாராயம், அதாவது கசிப்புக் காய்ச்சப் புளிக்க வைத்திருந்த கோடா, இரண்டு பீப்பாய் நிறைய அங்கே இருந்தது. வழக்குப் பொருள். ஓடிக்கொண்டே சேலையை உருவினேன். சேலையின் ஒரு முனை காலில் சுற்றியது. நான் ஒரு பீப்பாயைக் கட்டிப் பிடித்தேன், அது என்னைக் கட்டிப் பிடித்தது, இரண்டு பேரும் புல்லில் படுத்தோம். எழுந்தபோது தலை முதல் இடுப்பு வரை நான் அரசாங்கச் சாட்சியம்.

போக்குவரத்து அறையில் வெள்ளை உறை மாட்டித் தொப்பி வைத்து உட்கார்ந்தேன். முன் கதவால் உள்ளே வந்த ஏ.எஸ்.பி. அப்படியே நின்றார். மூக்கை உறிஞ்சினார். ஓ.ஐ.சி.யைப் பார்த்தார். டிரைவரைப் பார்த்தார். பந்துல சார்ஜன்டை வாயைத் திறக்கச் சொன்னார். கடைசியாக என்னிடம் வந்தார்.

"லிங்கம்" என்றார் பலகையைப் படித்து. "குடித்திருக்கிறீர்களா?"

"இல்லை சேர்!"

"இது போக்குவரத்துப் பிரிவு அல்லவா? பலூன் இருக்குமே. எடுங்கள். எப்படிச் சோதிக்கிறீர்கள் என்று பார்த்த மாதிரியும் ஆகும்."

நானே மேசை லாச்சியைத் திறந்து, நானே பலூனை எடுத்து, நானே ஊதினேன். குழாயில் இருக்கிற மஞ்சள் பச்சையாக மாறினால் குடித்திருப்பதாக அர்த்தம். ஊதிக்கொண்டே அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் வாங்கிலிருந்து எழுந்து வந்து, கண்ணுக்கு நேரே குழாயைப் பிடித்துப் பார்த்தார். அந்நிய மனுஷிக்கு என் பலூனில் என்ன இவ்வளவு அக்கறை என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

"மஞ்சளாத்தான் இருக்குங்க சேர்" என்று அவரே தீர்ப்புச் சொன்னார். பிறகு தன் ஆடு ஒரு த்ரீவீலரில் ஏறிப் போனதாகவும், அது வெள்ளை ஆடு என்றும், பின் சீட்டில் உட்கார்ந்திருந்ததாகவும் முறைப்பாடு கொடுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன்.

ஐந்தாவது அறை. சேலை நனைந்து, சேறாகி, கசிப்பு மணத்தோடு என் மேல் தொங்கியது. சிவலிங்கம் என்ற பலகைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். இன்னும் ஒரே ஒரு முறைப்பாடுதான், அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை, விலகிய காது, கல்யாணம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"என்னம்மா காணாமப் போச்சு?"

அந்த அம்மா என் முகத்தை நேராகப் பார்த்தார். "மாடுங்க" என்றார்.

"மாடா!" மேசையில் அடித்து எழுந்துவிட்டேன். "மொத மேசையில ஆடுன்னுதானேம்மா சொன்னீங்க! அப்பறம் செவல கறுப்பாச்சு, கறுப்பு வெள்ளையாச்சு, இப்ப ஆடே மாடாயிருச்சா? பொலிச என்ன வெளையாட்டுன்னு நெனச்சீங்களா?"

தொலைபேசியில் என் அம்மா குற்றம் சொன்ன வாய் இதுதான்.

ஓ.ஐ.சி. கண்ணை மூடிக்கொண்டார். ஏ.எஸ்.பி. என்னிடம் சுத்தமான தமிழில் பேசினார். (மட்டக்களப்பில் வேலை செய்தவராம். யாருக்கும் சொல்லவில்லை.)

"முதல் மேசையில் சொன்னது சிவலிங்கத்துக்கு எப்படித் தெரியும்?"

நான் பெயர்ப் பலகையை மெதுவாகக் கவிழ்த்து வைத்தேன்.

"பரவாயில்லை, எனக்கு இரண்டாவது மேசையிலேயே தெரியும்" என்றார். "ராணியின் கழுத்தில் ஓர் அட்டை ஏறியது, நூல் மாதிரி இருந்தது. செல்வராணியின் கழுத்தில் கொஞ்சம் தடித்திருந்தது. லிங்கத்தின் கழுத்தில் இன்னும் தடிப்பு. இப்போது பாருங்கள். உத்தியோகத்தர்கள் மாறினார்கள், அட்டை மாறவில்லை."

தொட்டுப் பார்த்தேன். காதுக்குக் கீழே நெல்லிக்காய் மாதிரி இருந்தது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள், ஓர் அட்டை கடித்ததுகூடத் தெரியாமல் ஐந்து அறை சுற்றியிருக்கிறேன். "இந்த நிலையத்தில் தமிழ் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?" என்று ஏ.எஸ்.பி. கேட்டார். "நான் மட்டும்தான் சேர்" என்றேன். அப்படியே அழுதுவிட்டேன். வேலை போனது, லீவு போனது, மாப்பிள்ளை போனார், இனி கார்மென்ட்ஸ்தான் என்று ஒன்றன் பின் ஒன்றாக மனதில் ஓடியது. தேம்பித் தேம்பி அழுதேன், காக்கிக்கு மேல் கட்டிய கள்ளச் சேலையின் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அந்த அம்மாதான் எழுந்து வந்தார். இடுப்பிலிருந்து வெற்றிலைப் பையை எடுத்தார். சுண்ணாம்பு டப்பாவைத் திறந்து, விரல் நுனியில் கொஞ்சம் எடுத்து, அட்டையின் மேல் வைத்தார். அது சுருண்டு விழுந்தது. ரத்தம் வழிந்தது. தன் சேலைத் தலைப்பைக் கழுத்தில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"அழுவாத புள்ள. கொஞ்ச நேரத்துல நின்னுரும்" என்றார்.

பிறகு ஏ.எஸ்.பி.யின் பக்கம் திரும்பினார். "சேர், எனக்கு ஆடும் இல்ல, மாடும் இல்ல. என் மகனுக்கு இந்தப் புள்ளயப் பேசியிருக்கோம். எப்படிப்பட்ட புள்ளன்னு பாக்கத்தான் வந்தேன்."

நான் அழுகையை நிறுத்திவிட்டேன். எந்தெந்த மேசையில் என்னென்ன பேசினேன் என்று பின்னோக்கி ஓட்டிப் பார்த்தேன். மூன்றாவது மேசைக்கு வந்ததும் மறுபடி அழுதேன்.

ஏ.எஸ்.பி. முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டார். "பொய் முறைப்பாடு கொடுப்பது குற்றம், தெரியுமா அம்மா?"

"தெரியும் சேர். பொய் உத்தியோகத்தர்கிட்டதானே குடுத்தேன்."

பந்துல சார்ஜன்ட் அறையை விட்டு வெளியே போய்ச் சிரித்தார். ஏ.எஸ்.பி.க்கும் தாங்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "சரி, பெண் பார்க்க வந்தீர்கள். ஐந்து பேரைப் பார்த்தீர்கள். யாரைப் பிடித்திருக்கிறது?"

அம்மா யோசித்தார், நிஜமாகவே யோசித்தார். "ரெண்டாவது புள்ளைக்குக் கண்ணு தெரியல. மூணாவது என்னையே உள்ள போட்டிருவா போல. நாலாவது மேல சாராய வாடை. இது சண்டக்காரி." என் தலையிலிருந்த சேற்றைத் தட்டிவிட்டார். "மொத மேசையில இருந்ததையே குடுங்க சேர். அவ தொப்பிக்குள்ள எங்க பையன் இருந்தான்."

அத்தனை பேர் முன்னால் என் முகம் எரிந்தது. இருந்தாலும் சொல்கிறேன், என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் வெட்கப்பட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை லீவை ஏ.எஸ்.பி.யே கொடுத்தார். ஓ.ஐ.சி.க்கு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ கொடுத்தார், அது வெளியே கேட்கவில்லை. சில மாதங்களில் இன்னொரு தமிழ்க் கான்ஸ்டபிளை எங்களுக்கு அனுப்பினார்கள். அவன் வந்ததும் ஓ.ஐ.சி. வேலையை நியாயமாகப் பிரித்துவிட்டார், அவனுக்கு மூன்று மேசை, எனக்கு இரண்டு. காக்கியை நான் கழற்றவில்லை. என் அம்மாவும் அதற்குப் பிறகு கார்மென்ட்ஸ் என்ற சொல்லை எடுக்கவில்லை.

கல்யாணத்துக்கு நிலையத்திலிருந்து எல்லோரும் வந்தார்கள். முறைப்பாடு ஒன்று திறந்தால் அதை எப்படியாவது மூட வேண்டும் என்பது ஓ.ஐ.சி.யின் கொள்கை. ஆகவே பந்துல சார்ஜன்ட் கோயில் வாசலுக்கு ஓர் ஆட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்தார். செவலையும் கறுப்பும் வெள்ளையும் கலந்த ஆடு, தேடித் தேடி வாங்கியிருக்கிறார். மாமியாரின் கையில் கயிற்றைக் கொடுத்து, தனக்குத் தெரிந்த தமிழ் முழுவதையும் சொல்லி வாழ்த்தினார்: "என்ன வெல? கொறைங்க!"

அந்த ஆட்டின் வம்சம் இன்றைக்கும் எங்கள் கொல்லையில் நிற்கிறது. நான் வேலை முடிந்து வரும்போது என் வீட்டுக்காரர் முகத்தை எட்டிப் பார்த்து, "அம்மா, இன்னிக்கு அஞ்சாவது மேச வந்திருக்கு, பாத்துப் பேசுங்க" என்று உள்ளே குரல் கொடுப்பார். சண்டை முற்றினால் மாமியார், "நீ போயிட்டு மொத மேசய அனுப்பு, அவகிட்ட பேசிக்கிறேன்" என்பார். நானும் எழுந்து பின் கதவால் போய், முன் கதவால் வருவேன். பாதிச் சண்டை அந்தச் சுற்றிலேயே முடிந்துவிடும்.

போன தைப் பொங்கலுக்குத் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் முதல் தடவையாக வீட்டுக்கு வந்திருந்தார். பேச்சுவாக்கில் மாமியாரிடம், "ஒங்களுக்கு எத்தன மருமக்கமாருங்க?" என்று கேட்டார்.

"அஞ்சு" என்றார் மாமியார், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே.

"மகன் ஒருத்தர்தானே?"

"ஆமாங்க. ஒரே மகன், அஞ்சு மருமக. எல்லாம் ஒரே வீட்டுல ஒத்துமையாத்தான் இருக்காளுங்க."